எந்த ஊர் மணிக்கூட்டைப் பார்த்து மருந்து எடுப்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற உடல்நலக் கருத்தரங்கில், வைத்தியர் ஒருவரும் மருந்தாளர் ஒருவருமாக எமது சங்க உறுப்பினர்கள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மேடையில் நின்று பார்க்கும்போது யார் எங்கிருந்து வந்தவர் என்பது எமக்கு நன்றாகவே தெரிகிறது. காலை பத்து மணிக்கே கொட்டாவி விடுபவர்கள் ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள். இப்போதே பசிக்கிறது என்று பின்வரிசையில் பிஸ்கற் பொதியைப் பிரிப்பவர்கள் மெல்பேர்ணிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர் மட்டும் நிமிர்ந்து இருக்கிறார்கள். அவர்களும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்படி இருப்பார்களோ தெரியாது.

விழாக்குழுவினர் எங்களிடம் தலைப்புக் கேட்டபோது சலரோகம், பிறஷர், எலும்புத் தேய்வு என்று பலவும் நினைவுக்கு வந்தன. ஆனால் இந்த நோய்களைப் பற்றி இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும். வைத்தியர் சொல்லியிருப்பார், பத்திரிகையில் வாசித்திருப்போம், வட்ஸ்அப்பில் வேண்டாத அளவுக்கு வந்திருக்கும். விமானத்தில் ஏறியபின் அந்த நோய்க்கான குளிசையை எந்த நேரத்துக்கு எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. 'அது என்ன, போய் இறங்கினபிறகு எடுத்தால் சரிதானே' என்று விட்டுவிடுகிறோம். பல மருந்துகளுக்கு அது சரிதான். சில மருந்துகளுக்கு அது ஆபத்து. எதற்குச் சரி, எதற்கு ஆபத்து என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்த உரையின் நோக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வயதுப் பெண்கள் இன்று உலகம் முழுக்கப் பறந்துகொண்டிருக்கிறார்கள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா, மகனின் வீடு குடிபூரலுக்கு அவுஸ்திரேலியா, தங்கையின் பிள்ளையின் கலியாணத்துக்கு லண்டன், கோயில் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் திரும்ப ஊர். கைப்பையில் கடவுச்சீட்டு இருக்கிறதோ இல்லையோ, மருந்துப்பை கட்டாயம் இருக்கிறது.

முதலில் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாடத்தை நினைவுபடுத்துகிறோம். 1996ஆம் ஆண்டு மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த ஆண்டுகள் முழுக்கப் பழைய நேரமே நடந்தது. 'புது நேரமோ, பழைய நேரமோ?' என்று கேட்காமல் ஒரு முகூர்த்தமும் வைக்கவில்லை, ஒரு பஸ்ஸும் பிடிக்கவில்லை. ஓமந்தையைக் கடந்தால் மணிக்கூட்டைத் திருப்பவேண்டும். ஆனால் வயிறு மணிக்கூட்டைத் திருப்பவில்லை, பசித்த நேரத்துக்கே பசித்தது. மாடும் பழைய நேரத்துக்கே பால் கறக்கக் கத்தியது.

மருந்துக்கும் இதே கதைதான். நீங்கள் விழுங்கிய குளிசைக்கு லண்டன் நேரமும் தெரியாது, கொழும்பு நேரமும் தெரியாது. அது இரத்தத்தில் ஏறுகிறது, சில மணித்தியாலம் வேலை செய்கிறது, பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது. முற்றாகக் குறைவதற்குள் அடுத்த குளிசை வந்து சேரவேண்டும். ஆகவே பயணத்தில் நாம் கணக்கெடுக்க வேண்டியது, கடைசியாக மருந்து எடுத்து இப்போது எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பதையே. சுவரில் இருக்கும் மணிக்கூடு எத்தனை மணி காட்டினாலும் இந்தக் கணக்கு பிழைக்காது.

இனிக் கொஞ்சம் கணிதம். கணிதம் என்றதும் முகத்தைச் சுளிக்கவேண்டாம், கூட்டலும் கழித்தலும் மட்டும்தான்.

இலங்கை நேரத்துக்கும் ரொறன்ரோ நேரத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. பாரிசுக்கு அதிலும் ஒரு மணித்தியாலம் குறைவு. இவையெல்லாம் எமக்குப் பின்னால் நிற்கும் ஊர்கள். மெல்பேர்ணும் சிட்னியும் எமக்கு முன்னால் நிற்பவை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை நாலரை மணித்தியாலம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

மேற்கே பறந்தால் அன்றைய நாள் நீளும். லண்டன் போகும் நாளுக்குக் கோடையில் இருபத்தெட்டரை மணித்தியாலம். ரொறன்ரோ போகும் நாளுக்கு முப்பத்துமூன்றரை. கிழக்கே பறந்தால் நாள் சுருங்கும். ஏப்ரலுக்கும் ஒக்டோபருக்கும் இடையில் மெல்பேர்ண் போகும் நாளுக்குப் பத்தொன்பதரை மணித்தியாலம் மட்டுமே. நீளும் நாளில் மருந்து தட்டுப்படலாம், சுருங்கும் நாளில் மருந்து கூடிப்போகலாம். இந்த ஒரு வசனத்தை மனதில் வைத்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

யாழ்ப்பாணத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குளிசை எடுக்கும் ஒருவர் ஓகஸ்ற் மாதம் ரொறன்ரோவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் காலை ஏழு மணி, அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. படுக்கைக்குப் போகுமுன் பல் துலக்கும் நேரம். மூன்று கிழமைப் பயணம் என்றால் அவர் எதையும் மாற்றவேண்டியதில்லை. அங்கே இரவு ஒன்பதரைக்கு எடுத்தாலே ஊரில் எடுத்த அதே இடைவெளி. காலையும் மாலையும் ஏழு மணிக்கு இரண்டு வேளை எடுப்பவருக்கும் அப்படித்தான். அங்கே இரவு ஒன்பதரை, காலை ஒன்பதரை. வேளையின் பெயர்தான் மாறுகிறது, பன்னிரண்டு மணித்தியால இடைவெளி அப்படியே நிற்கிறது.

லண்டன் அவ்வளவு தோதானதல்ல. எங்கள் காலை ஏழு மணி அங்கே கோடையில் அதிகாலை இரண்டரை. அதற்காக ஒருவரும் எழும்பமாட்டார்கள். ஆகவே புறப்படுவதற்கு நாலு நாள் முன்னதாகத் தொடங்கி, குளிசையை நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் பிந்தி எடுக்கலாம். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. எங்கள் பதினொரு மணி லண்டனின் காலை ஆறரை. போய் இறங்கும்போது மருந்து ஏற்கெனவே லண்டன் நேரத்தில் நிற்கும். மெல்பேர்ணுக்கு இதைத் திருப்பிச் செய்யவேண்டும். ஆறு மணி, ஐந்து மணி என்று இரண்டு நாள் முந்திவிட்டால் போதும். எங்கள் அதிகாலை ஐந்து மணி அங்கே நடு ஆண்டில் காலை ஒன்பதரை, மிச்சத்தை அங்கே போய்ச் சரிசெய்யலாம். திரும்பிவரும் பயணத்துக்கும் இதே கணக்கை மறுபக்கமாகப் போடவேண்டும். போகும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறோம், வரும்போது மறந்துவிடுகிறோம்.

எல்லா மருந்துக்கும் இவ்வளவு நுட்பம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. வகுப்பில் பிள்ளைகள் பலவிதம் என்பதுபோல மருந்துகளும் பலவிதம்.

முதலாவது கூட்டம் பொறுமைசாலிகள். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் செல்லும். அம்லோடிப்பின் என்ற பிறஷர் குளிசைக்கு முப்பது முதல் ஐம்பது மணித்தியாலம் வரை செல்லும். கொலஸ்ரரோலுக்கு எடுக்கும் அற்றோவஸ்ரற்றினும் இந்தக் கூட்டம்தான். இவை நாலைந்து மணித்தியாலம் பிந்தினாலும் முந்தினாலும் கோபிக்கமாட்டா. இறங்கிய ஊரின் அடுத்த காலையிலோ இரவிலோ ஒரே பாய்ச்சலாக மாற்றிவிடலாம். தைரொக்சினுக்கு நேரத்தைவிட வெறுவயிறுதான் முக்கியம். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளை அதிலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி எடுக்கவேண்டும். விமானத்தில் எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே மிடறில் விழுங்கும்போது கெட்டுப்போவது இந்த ஒழுங்குதான்.

இரண்டாவது கூட்டம் நேரம் தவறினால் மன்னிக்காதவர்கள். வலிப்புக்கு எடுக்கும் மருந்துகள், பார்க்கின்சன் நோய்க்கு எடுக்கும் லெவோடோப்பா, சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் எடுக்கும் ரக்ரோலிமஸ், இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு வேளை எடுக்கும் அபிக்சபான் போன்றவை இதில் அடங்கும். இவற்றுக்கு இடைவெளியே உயிர். வலிப்பு உள்ளவருக்கு நித்திரை முழிப்பும் மருந்துத் தவறலும் ஒரே இரவில் சேர்ந்து வருவது மிகவும் கெடுதல், பயணத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். இந்தக் கூட்டத்து மருந்து எடுப்பவர்கள் விமானத்தில் ஊர் நேரத்தையே பின்பற்றி, இறங்கியபின் வைத்தியர் சொன்ன ஒழுங்கில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும்.

இங்கே இருக்கும் இளம் தங்கைமாருக்கும் ஒரு சொல். புரோஜெஸ்ரோஜன் மட்டும் உள்ள கருத்தடைக் குளிசைகளில் சிலவற்றை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி எடுத்தால் பாதுகாப்புக் குறைந்துவிடும். டெசோஜெஸ்ரெல் என்ற வகைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

வார்பரின் எடுப்பவர்கள் தனியாகக் கேளுங்கள். ஒரு வேளை மறந்தால் அதே நாளில் நினைவு வந்தால் எடுங்கள், மறுநாள் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள், ஒருபோதும் இரட்டிக்காதீர்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். வீட்டில் இருக்கும்வரை அது நல்ல விதி. ஆனால் டோகாவுக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவில், ஆகாயத்தில், எந்த ஊரின் நள்ளிரவை வைத்து மறுநாள் என்பது? பயண நாளில் எத்தனை மணிக்கு எடுப்பது, தவறினால் என்ன செய்வது என்று புறப்படுமுன் கிளினிக்கில் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். போன இடத்தில் சாப்பாடு மாறுவதாலும் பரிசோதனை எண் மாறலாம்.

மூன்றாவது கூட்டம் கிழமைக்கு ஒருதரம் வருபவர்கள். மூட்டுவாதத்துக்கு எடுக்கும் மெதோத்திரெக்சேற் அவற்றில் ஒன்று. கிழமைக்கு ஒருதரம் எடுக்கவேண்டிய இதைத் தவறுதலாக நாளாந்தம் எடுத்து இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஞாயிறு இரவு கட்டுநாயக்காவில் ஏறி, திங்கள் எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் இறங்கும் பயணத்தில் 'ஞாயிற்றுக்கிழமைக் குளிசை' என்ற நினைவை நம்பவே கூடாது. அடுத்த குளிசைக்குரிய திகதியைப் பெட்டியின்மேல் எழுதிவையுங்கள். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருதரம் எடுக்கும் அலென்ட்ரோனேற்றை விமானத்தில் எடுக்கவே வேண்டாம். அதை வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீருடன் விழுங்கி அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கவேண்டும். சாய்ந்த இருக்கையில் கண்ணயர்ந்தால் குளிசை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஒருநாள் பிந்தி, இறங்கிய ஊரில் எடுத்தால் ஒரு குறையும் வராது.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறோம், இந்த மண்டபத்தில் அவர்கள் தொகை சிறிதல்ல. மெற்போமின் மட்டும் எடுப்பவர்கள் அதிகம் பயப்படவேண்டாம், சாப்பாட்டுடன் எடுத்தால் சரி. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் ஒரு விதியை மறக்கக்கூடாது: சாப்பாடு கண்முன்னே வந்தபிறகே மருந்து. தள்ளுவண்டியின் சத்தம் கேட்டவுடன் ஊசி போட்டுவிட்டால், விமானம் ஆடத்தொடங்கி, பரிமாறுவது நின்று, அரை மணித்தியாலம் வெறுவயிற்றுடன் இருக்க நேரிடும். சீனி இறங்கிவிடும். கைப்பையில் குளுக்கோசோ இனிப்போ எப்போதும் இருக்கவேண்டும். விரதமோ நோன்போ இருக்கும் நாளில் பயணம் வந்தால் வைத்தியருடன் பேசாமல் புறப்படவேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களுக்கு மேற்கே நீளும் நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். கிழக்கே சுருங்கும் நாளில் வழமையான அளவே அதிகமாகிவிடலாம். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள், இன்சுலின் வகைக்கு வகை வேறுபடும். பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வைத்தியரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பயண நாளில் சீனியை வழமையைவிடக் கூடுதலான தடவை பாருங்கள். இந்தத் திருத்தத்தைச் சிநேகிதியிடம் கேட்டுச் செய்யவேண்டாம். அவருடைய இன்சுலின் அவருக்கு.

அடுத்து, எங்கள் அனுபவத்தில் ஆகக்கூடிய சிக்கல் தருகிற கேள்விக்கு வருகிறோம். மருந்தை மறப்பது அல்ல அது. 'எடுத்தேனா, இல்லையா?' என்ற சந்தேகம்.

வீட்டில் இந்தச் சந்தேகம் குறைவு. கிணற்றடி, தேநீர், பூசையறை அல்லது செபப்புத்தகம், அதற்குப் பிறகு குளிசை என்று கை தானாக நடக்கும். விமானத்தில் அந்த ஒழுங்கு ஒன்றும் இல்லை. விளக்கை அணைக்கிறார்கள், எழுப்புகிறார்கள், காலைச் சாப்பாடு என்று நள்ளிரவில் தருகிறார்கள். அரைத்தூக்கத்தில் ஒருதரம் எடுத்ததை மறந்து இன்னொருதரம் எடுத்துவிடுவது மிக இலகு. அநேக மருந்துகளுக்கு ஒரு வேளை பிந்துவதைவிட ஒரு வேளை இரட்டிப்பது கெடுதல். ஆகவே உண்மையாகவே நினைவில்லை என்றால், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, இரண்டாம் தரம் எடுக்கவேண்டாம். அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

அதைவிட நல்லது அந்தச் சந்தேகமே வராமல் செய்வது. விடுதியில் இருந்தவர்களுக்கு மேற்றனை நினைவிருக்கும். பூச்சிமருந்து கொடுக்கும் நாளில் வரிசையில் நிறுத்தி, விழுங்கியபின் வாயைத் திறக்கச்சொல்லிப் பார்த்து, கொப்பியில் பெயருக்கு நேரே சரி போட்ட பிறகுதான் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். யாருக்கும் இரண்டு தரம் கொடுபட்டதில்லை, யாரும் தப்பியதுமில்லை. பயணத்தில் அந்தக் கொப்பி எங்களிடம் இருக்கவேண்டும். குளிசை அட்டையின் பின்பக்கத் தாளில், ஒவ்வொரு குளிசைக்கும் நேரே, எடுக்கவேண்டிய திகதியைப் பேனையால் எழுதிவிடுங்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார். வெறுங்கூடு என்றால் எடுத்தாயிற்று, அவ்வளவுதான். கிழமைப் பெயர் பொறித்த குளிசைப்பெட்டியும் நல்லதே, ஆனால் பயணத்துக்கு முதல் நாளே அதை நிரப்பிவையுங்கள். ஆட்டத்தில் போத்தலைத் திறந்து எண்ண முடியாது.

கைத்தொலைபேசியில் ஒலி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இறங்கியவுடன் தொலைபேசி தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். காலை ஏழுக்கு வைத்த ஒலி அங்கே காலை ஏழுக்கே அடிக்கும், ஊர் ஏழு மணிக்கல்ல. பொறுமைசாலி மருந்துகளுக்கு அது வசதி, மற்றவற்றுக்குப் பொறி. மலிவான கைக்கடிகாரம் ஒன்றை ஊர் நேரத்திலேயே விட்டுக் கையில் கட்டிக்கொள்வது பழைய முறை. அதைவிட நம்பகமான கருவியை நாங்கள் இன்னும் காணவில்லை.

இனி மருந்தின் பெயர். பேராசிரியர் செனக பிபிலே அவர்களை இந்த இடத்தில் நன்றியுடன் நினைக்கிறோம். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரைப் பயன்படுத்தவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது ஏழைகளின் காசுக்காக. கடல் கடக்கும் நோயாளிக்கும் அது பெரிய பாதுகாப்பு. ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறு கம்பனிப் பெயர் உண்டு. ஊரிலிருந்து கொண்டுபோன பனடோலை எடுத்துவிட்டு, மகள் தந்த ரைலனோலையும் எடுப்பவர், தெரியாமலே பரசிற்றமோலை இரட்டிக்கிறார். இரண்டும் ஒன்றுதான். கனடாவில் அதன் பொதுப்பெயரே அசற்றமினோபென். நாங்கள் கிளிபென்கிளமைட் என்பது அங்கே கிளைபுரைட். மருந்து முடிந்து அங்கே புதிதாக வாங்கியபின், பழைய போத்தலில் மிஞ்சியதையும் சேர்த்து எடுத்துவிட்டுச் சீனி இறங்கி விழுவதற்கு இந்த ஒரு பெயர்மாற்றமே போதும். 2022இல் ஊரில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு உறவுகள் பொதி பொதியாக அனுப்பிக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அப்படி வந்த போத்தலில் பெயரை மட்டும் பார்க்காமல் மில்லிகிராம் அளவையும் பார்க்கவேண்டும்.

பொதி கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எல்லா மருந்தும் கைப்பையில், ஏற்றிவிடும் பொதியில் ஒன்றும் வேண்டாம். பொதி தொலைந்தால் மருந்தும் தொலையும், குளிரில் இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். பயண நாட்களுக்கு மேலாக ஒரு கிழமை மருந்து கூடுதலாக எடுங்கள், விமானம் தாமதிக்காத ஊர் இல்லை. எங்கள் அரசாங்க வைத்தியசாலையில் சிறிய கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் எழுதித் தருகிறார்கள். வீட்டுக்கு அது போதும், சுங்கத்துக்குப் போதாது. கனடாவுக்கு 90 நாளைக்கு மேற்படாத மருந்தை, மருந்தகத்தின் அல்லது கம்பனியின் உரிய பொதியில் கொண்டுபோகவேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு மூன்று மாத மருந்து, ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் சிட்டையோ கடிதமோ வேண்டும். ஆகவே பயணத்துக்கு மட்டுமாவது அட்டையோடு வாங்கி, பொதுப்பெயரும் அளவும் எழுதிய கடிதத்துடன் கொண்டுசெல்லுங்கள். கோடீன் கலந்த வலிக்குளிசைகளும் ரமடோலும் ஐக்கிய அரபு எமிரேற்சில் கட்டுப்படுத்தப்பட்டவை, முன்னனுமதி வேண்டும். டுபாயில் ஓரிரு நாள் தங்கிப் போக நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு புறப்படவேண்டும்.

கடைசியாக, இந்தத் தலைப்பை நாங்கள் தெரிவுசெய்ததற்கு உள்ளே இருந்த காரணத்தைச் சொல்கிறோம்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாயை நாங்கள் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். பிள்ளைக்கு எத்தனை மணிக்குப் பால் கொடுத்தது, எவ்வளவு குடித்தது என்று அவருக்கு நிமிடக்கணக்கில் தெரியும். மகளின் காயத்து மருந்து, இரும்புச்சத்துக் குளிசை, சரக்குத்தண்ணி எல்லாம் நேரம் தவறாது. ஊரில் தனியே இருக்கும் கணவருக்கு, அங்கே தனக்கு நள்ளிரவாக இருந்தாலும், அழைத்து 'பிறஷர்க் குளிசை எடுத்தீங்களோ?' என்று கேட்பார். அவருடைய சொந்தக் குளிசை எங்கே என்று கேட்டால், பொதியின் அடியில் இருக்கிறது, இறங்கின நாளிலிருந்து நேரம் பிடிபடவில்லை, 'எனக்கொன்றும் இல்லை, பரவாயில்லை' என்பார். மூன்று மாதம் கழித்துத் திரும்பிவந்து கிளினிக்கில் உட்காரும்போது இரத்தம் உண்மையைச் சொல்லும். அப்படித் திரும்பி வந்தவர்களையே நாங்கள் கிளினிக்கில் காண்கிறோம். பக்கவாதம் வந்து அங்கேயே படுத்துவிட்டவர்களின் செய்தி எங்களுக்குத் தொலைபேசியில் வருகிறது.

எல்லோருடைய மருந்துக்கும் மணிக்கூடாக இருக்கும் பெண், தன் மருந்துக்கு மட்டும் மணிக்கூடு வைக்காமல் விடுகிறாள். இதை மறதி என்று சொல்லமுடியாது. தன்னைக் கடைசி வரிசையில் நிறுத்திப் பழகிவிட்டாள். இந்தக் கல்லூரி எங்களுக்கு அப்படிக் கற்பிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாரே, அம்மா வந்து இறங்கிய முதல்நாள், அவர் பொதியைத் திறந்து மாவும் மிளகாய்த்தூளும் பினாட்டும் எடுத்து வைக்குமுன், 'அம்மா, உங்கட குளிசை எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். ஊர் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். பேரப்பிள்ளையின் பால்நேரத் தாளுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கட்டும்.

அக்காமாரே, உங்களிடம் நாங்கள் கேட்பதும் ஒரு தாள்தான். மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்காக எடுப்பது, ஊர் நேரம், போகும் ஊரின் நேரம், தவறினால் என்ன செய்வது. இந்த ஆறையும் எழுதி, வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ ஒருதரம் காட்டுங்கள். ஒரு பிரதி கைப்பையில், ஒரு பிரதி பிள்ளையிடம். விழா முடிந்து இந்தக் கிழமை விமானம் ஏறுபவர்கள், இன்று மத்தியானமே எங்கள் இருவரிடமும் கொண்டுவரலாம். சாப்பாட்டு மண்டப வாசலில் மேசை போட்டு இருக்கப்போகிறோம். வரிசையில் வரவேண்டும், வாயைத் திறக்கச்சொல்லமாட்டோம்.

நூறு ஆண்டு கண்ட எமது கல்லூரித்தாய் மேலும் பல நூற்றாண்டு வாழ்க. அவள் பிள்ளைகள் எந்த நேர வலயத்தில் இருந்தாலும் சுகமாக இருந்து, அடுத்த ஒன்றுகூடலுக்கும் இதே கூட்டத்தோடு வந்துசேர வேண்டும்.